வில்லங்கம் பார்க்காமல் நம்பியவர்

பத்திர எழுத்தர் நாகப்பன் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஏழுமலையின் குரலில் வந்தது. திங்கட்கிழமை காலை. சேவூரில் எங்கள் விசைத்தறிக் கொட்டகையில் ஆறு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றும் காதில் விழாமல் போனைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தேன்.

"ணா, சார் போய்ட்டாரு ணா," என்றான். "காலைல காபி குடிச்சிட்டு பேப்பர் படிச்சிகினு இருந்தாராம். அப்படியே சாஞ்சிட்டாராம்."

அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறவன் என்பதால் அவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. பிறகு அவனே, "நம்ம டீம் ஆளுங்களுக்கெல்லாம் யாருணா சொல்றது?" என்றான். நானே சொல்கிறேன் என்றேன். எங்கள் கால்பந்து அணியின் பழைய ஆட்டக்காரர்கள், புதியவர்கள் என்று இருபத்தைந்து பேருக்காவது அன்று பேசியிருப்பேன். ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அழுதவர்கள்கூட இரண்டாவது நிமிடத்தில் அவரவர் முதல் மேட்ச்சைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். குரல் ஏறுகிறது, சிரிப்பு வருகிறது, "ஞாபகம் இருக்கா பாஸ்கர், என்ன எறக்கினாரே அன்னிக்கு" என்று மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். அதனால் நான் எழுதும் இதுவும் ஒப்பாரியாக வராது போலிருக்கிறது. அவரை அறிந்த நீங்கள் மன்னிப்பீர்கள்.

மைதானத்துக்கு வெளியே அவரை அறிந்தவர்களுக்கு அவர் ஆரணி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, தகரக் கொட்டகையில் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நிலம் வாங்க வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "வில்லங்கம் பாத்தீங்களா?" என்பதுதான். அந்த நிலத்தின் மேல் வழக்கு இருக்கிறதா, வேறு யாருக்காவது எழுதிக்கொடுத்திருக்கிறார்களா என்று முப்பது வருடத்துப் பழைய காகிதங்களைப் பார்க்காமல் ஒரு சென்ட் நிலத்துக்குக்கூட அவர் பேனாவைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை கோட்டை மைதானத்துக்கு வந்தால், ஒரு மேட்ச்கூட ஆடாதவனை எங்கள் அணியில் இறக்குவார். ஒரு நாள் இதை அவரிடமே கேட்டேன்.

"நிலம் எங்கியும் போவாதுப்பா. நேத்து இருந்த மாதிரியேதான் நாளைக்கும் கெடக்கும். அதுக்குப் பழைய பேப்பர் போதும்," என்றார். "ஆளு அப்படியா?"

அவரே ஒரு மேட்ச்சும் ஆடாதவர்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மேனேஜர் வேலை மாற்றலாகிச் சென்னைக்குப் போய்விட, அணி ஆளில்லாமல் கிடந்தது. நாகப்பன் மாலையில் கடையைக் கட்டிவிட்டு மைதானத்தின் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் பக்கத்தில் நின்றவரிடம், "அந்த லெஃப்ட் பேக்கு பாவம், எட்டாம் நம்பர் போட்டவரு. வலது காலு வலிக்குது போல. அந்தப் பக்கமாத்தான் கோல் வாங்கப் போறாங்க," என்று சொன்னார். அடுத்த ஐந்தாவது நிமிடம் அந்தப் பக்கமாகத்தான் வாங்கினோம். மேட்ச் முடிந்ததும் நாங்கள் நான்கு பேர் போய் அவரைக் கேட்டோம்.

"எனக்கு பந்த ஒதைக்கவே தெரியாதுப்பா," என்றார், பயந்துபோய்.

"நீங்க ஒதைக்க வேணாம் சார். யாரு ஒதைக்கணும்னு மட்டும் சொல்லுங்க," என்றான் எங்களில் ஒருவன். அப்படித்தான் வந்தார். பதினான்கு வருடம் இருந்தார்.

யாரை நம்புவது என்பதை அவர் எப்படித் தீர்மானிக்கிறார் என்பது எங்களுக்கு வெகுநாள் பிடிபடவில்லை. முதல் தடவை கொஞ்சம் விளங்கியது செய்யாற்றில் நடந்த ஒரு மேட்ச்சில். மூன்று கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்தோம். இன்னும் இருபது நிமிடம். வெயிலில் எல்லோரும் நடக்க ஆரம்பித்துவிட்டோம். அப்போது டில்லிபாபு என்ற தையல்காரனை இறக்கினார். அதுவரை பயிற்சியில் மட்டும் ஓடியவன். ஓட்டம் இருந்தது, பந்து மட்டும் காலில் நிற்காது. இறங்கினவன் அன்றைக்கும் ஒன்றும் கிழிக்கவில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே போகப்போகிற ஒரு பந்தை, யாருக்கும் வேண்டாத பந்தை, துரத்திக்கொண்டு ஓடி, எட்டாமல் முள்வேலியில் போய் விழுந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நாகப்பன் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

"ஜெயிக்கற ஆட்டத்துல எறக்கினா எவனும் நல்லாத்தான் ஆடுவான். தோக்கறப்போ எவன் தொரத்தறான்னு பாக்கணும்," என்றார். அடுத்த வாரம் டில்லி முதல் பதினொருவரில் இருந்தான். அந்த வருடம் முடிவதற்குள் எங்களுக்கு அவனைவிட்டால் ஃபார்வர்டு கிடையாது என்றாகிவிட்டது.

அவர் கணக்கு எப்போதும் பலித்தது என்று சொன்னால் அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். வெம்பாக்கத்திலிருந்து சேகர் என்று ஒருவன் வந்தான். காலில் பந்தை வைத்துக்கொண்டு அவன் செய்யும் வித்தையைப் பார்க்கப் பயிற்சிக்கே கூட்டம் கூடும். நாகப்பனும் மயங்கினார். ஒரு கால் இறுதியில் முதல் நிமிடத்திலிருந்து ஆடவிட்டார். ஆட்டத்தில் சேகர் இருக்கிற இடமே தெரியவில்லை. பந்து வரும் இடத்துக்கு எதிர்த்திசையில் ஓடினான். தோற்றோம். அதற்குப் பிறகு அவன் மைதானத்துக்கே வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாகப்பன் பஸ் ஏறி வெம்பாக்கம் போனார். இரண்டு தடவையும் அவன் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "அவன் மேல தப்பு இல்லப்பா. அவனப் பந்தோட மட்டுமே பாத்துகினு இருந்தேன். பந்து இல்லாதப்ப இன்னா பண்றான்னு நான் பாக்கவே இல்ல," என்றார். அந்தத் தோல்வி பற்றி அதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

ஏழுமலை வந்தது இதற்கெல்லாம் பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில். படவேட்டுக்காரன். நிலமில்லாத குடும்பம். ஆரணியில் ஒரு அரிசி ஆலையில் வேலை. வயது இருபத்து மூன்றோ நான்கோ. ஆறடி உயரம். ஃபார்வர்டு ஆடுகிறேன் என்று வந்து, ஃபார்வர்டாக எங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தான். என் தங்கை கல்யாணத்துக்காக, கோல்கீப்பரான நான் ஒரு வாரம் வராதபோது, கோலில் நிற்க ஆளில்லாமல் அவனை நிற்க வைத்திருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது நாகப்பன் என்னை ஓரமாக அழைத்து, "அவன் புடிக்கறத விடு. கோல் வாங்கினப்புறம் இன்னா பண்றான், அத மட்டும் பாரு," என்றார். பார்த்தேன். கோல் விழுந்தால் நாங்களெல்லாம் மண்ணை உதைப்போம், தடுக்க நின்ற பேக்கைத் திட்டுவோம். ஏழுமலை வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடினான். அங்கே வைத்துவிட்டு அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்து நின்றான். அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும்.

அணியை நடத்தும் சங்கத்தில் ஒரு பெரியவருக்கு அவன் வந்தது பிடிக்கவில்லை. "எந்த ஊரு, எந்தத் தெருன்னு எதுவும் விசாரிக்கலியே நாகப்பா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். எதைக் கேட்கிறார் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஏழுமலைக்கும் தெரியும். நாகப்பன், "ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிக்கறான் இல்லீங்களா, அதாங்க அவன் தெரு," என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் அந்த அணியின் கோல்கீப்பர் நான். பந்து பிடித்துப் பிடித்து விரல்கள் தடித்து, பட்டு இழையில் மாட்டுகின்றன என்று அப்பா திட்டாத நாளில்லை. தறி அப்பாவுடையது, பாவு நூல் முதலாளியுடையது. அந்தக் கோல் கம்பம் மட்டுமே என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை வந்த அந்த வருடக் கோடைப் போட்டியில் நாங்கள் முதன்முதலாக இறுதிக்கு வந்திருந்தோம். எதிரே வேலூர் அணி. ஞாயிற்றுக்கிழமை இறுதி. வியாழக்கிழமை மாலை நாகப்பன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தறியில் இருந்தேன்.

"பாஸ்கரு, கொஞ்சம் நிறுத்து. ஒண்ணு கேக்கணும்." நிறுத்தினேன். "வேலூர்க்காரங்க நம்மள ரெண்டு தடவ ஜெயிச்சிருக்காங்க. இன்னா பண்ணி ஜெயிச்சாங்க?"

"கார்னர தூக்கி அந்தாண்ட கம்பத்துக்குப் போட்டாங்க சார்." நான் ஐந்தடி நான்கு அங்குலம். மூலையிலிருந்து அப்படி உயரமாக வரும் பந்து என் கைக்கு எட்டாது.

"ஏழுமலைய எறக்கலாமான்னு யோசிச்சிகினு இருக்கேன். தெனமும் அவன்கூட நிக்கறவன் நீ. நீ சொல்லு. அவன் தயாரா?"

எனக்குப் பதில் தெரியும். நான்கு மாதமாக அவனுக்கு எதிரே நின்று உதைத்துக்கொண்டிருந்தது என் கால். அந்தப் புதன்கிழமைகூட ஆறு பந்தில் ஐந்தைப் பிடித்திருந்தான்.

"இல்லைங்க சார்," என்றேன். "கை நல்லாத்தான் இருக்குது. ஆனா பெரிய மேட்ச்சுனா பயந்துடுவான். அடுத்த வருசம் பாக்கலாங்க."

"சரிப்பா," என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இழை சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமல் கேட்டாள். "ஏன் பொய் சொன்னீங்க?"

"பொய்யின்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தப் படவேட்டு ஆளு இன்னாமா புடிக்கறாருன்னு தெனமும் சாப்பிடும்போது நீங்கதான சொல்லிகினு இருந்தீங்க!"

மறுநாள் காலை பத்து மணிக்குத் தகரக் கொட்டகையில் போய் நின்றேன். ஒரு கிழவருக்கும் அவர் மகனுக்கும் பத்திரத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் நிலம் என்று முடியும்வரை நின்றேன். அவர்கள் எழுந்து போனதும், "சார், நேத்து நான் சொன்னது பொய். அவன் தயார். ரெண்டு மாசமாவே தயார்," என்றேன்.

நாகப்பன் பேனாவை மூடினார். "தெரியும்பா."

"தெரியுமா? அப்புறம் ஏன் சார் என்னைக் கேட்டீங்க?"

"நான் ஒருத்தன் நம்பினா பத்துமா? அவன் முன்னாடி நிக்கற பத்து பேரு நம்பணும். மொத பந்து அவன் கிட்ட போறப்போ அந்தப் பத்து பேரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"நான் வராமலே போயிருந்தா?"

"நீ ஆடியிருப்ப," என்றார். "தோத்திருப்போம்." சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார்! பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் இடத்தைப் பறிகொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மதில்மேல் ஆட்கள், வேப்பமரத்தில் ஆட்கள். உடை மாற்றும்போது நான் எழுந்து, "நான் ஆடல. ஏழுமலைதான். நான்தான் சாரு கிட்ட சொன்னேன்," என்றேன். பத்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அவர் சொன்ன மாதிரியே. ஏழுமலை மட்டும் பார்க்கவில்லை. காலணிக் கயிற்றைக் கட்டி அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

எட்டாவது நிமிடம். தூரத்திலிருந்து ஒரு நேர்ப் பந்து, குழந்தைகூடப் பிடிக்கும் பந்து. ஏழுமலை குனிந்தான். பந்து அவன் கைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து வலைக்குள் உருண்டது.

மதில் பக்கமிருந்து கூச்சல் ஆரம்பித்தது. "பாஸ்கர எறக்கு! பாஸ்கர எறக்கு!" கைதட்டிக்கொண்டு கத்துகிறார்கள். சங்கத்துப் பெரியவர் வேகவேகமாக எங்கள் பெஞ்சுக்கு வந்தார். "ஊரு மானம் போவுது நாகப்பா. ஜல்தி மாத்து!" நாகப்பன் திரும்பவில்லை. என் கையைப் பிடித்து, "அவன் இன்னா பண்றான் பாரு," என்றார்.

ஏழுமலை பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தான். அத்தனை கூச்சலுக்கும் நடுவில், நடு மைதானத்தில் வைத்தான். திரும்பி ஓடினான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கோல்கீப்பர் ஜெர்சியைக் கழற்றி வீசிவிட்டு, வெறும் பனியனோடு பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். இரண்டு கையையும் ஆட்டி, வர மாட்டேன் என்று மதில் பக்கம் காட்டினேன். "ஏழுமல! ஆடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு என் பெயர் நின்றது. எங்கள் பேக் இருவரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு கோலை விட்டுப் பத்தடி முன்னால் போய் நின்றார்கள். அவனை நம்பி முன்னால் போனார்கள்!

பதினைந்தாவது நிமிடம் முதல் கார்னர். உயரத் தூக்கி, அந்தாண்டைக் கம்பத்துக்கு. என்னை இரண்டு தடவை தோற்கடித்த அதே பந்து. ஏழுமலை மூன்று பேருக்கு மேலே எழுந்து இரண்டு கையாலும் அதைப் பறித்தான். மாமரத்தில் காய் பறிக்கிறவன்கூடக் கொஞ்சம் சிரமப்படுவான். நாகப்பன் என் தொடையில் அடித்த அடி இரண்டு நாள் வலித்தது.

இடைவேளைக்குப் பிறகு டில்லிபாபு ஒன்று போட்டான். தலையால் இடித்து, தானும் வலைக்குள் விழுந்து. ஒன்றுக்கு ஒன்று. அப்புறம் அவர்கள் கார்னருக்கு மேல் கார்னர். ஒன்றை ஏழுமலை பிடித்தான். பிடித்த கையோடு தாமதிக்காமல் எறிந்தான். பந்து பாதி மைதானத்தைத் தாண்டி டில்லியின் முன்னால் விழுந்தது. எதிரே ஒரே ஒரு பேக். மதில்மேல் இருந்தவர்கள் எழுந்து நிற்பதை நான் பார்த்தேன். டில்லி அந்த பேக்கையும் தாண்டினான். இரண்டுக்கு ஒன்று!

கடைசி நிமிடம் அவர்களுக்கு ஃப்ரீ கிக். சுவர்போல வரிசையாக நின்ற எங்கள் ஆட்களின் தலைக்கு மேல் வளைந்து மூலைக்குப் போன பந்து. ஏழுமலை பாய்ந்தான். விரல் நுனி. கம்பம். வெளியே. ரெஃப்ரி விசில் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. நாகப்பன் மைதானத்துக்குள் ஓடினார், எதிரே கிடந்த பந்தை ஓங்கி ஒரு உதை விட்டார். அவர் பந்தை உதைத்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பந்து அங்கேயே கிடந்தது. செருப்பு ரெஃப்ரியைத் தாண்டிப் பறந்தது.

ஏழுமலைக்கு இரண்டு வருடம் கழித்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. நாகப்பன் நெஞ்சுவலிக்குப் பிறகு ஒதுங்கிக்கொண்டு அணியை என்னிடம் விட்டார். அவருடைய கண் எனக்கு வாய்க்கவில்லை. நான் நம்பி இறக்கியவர்களில் பாதிப் பேர் என்னைக் கைவிட்டார்கள், நான் வெளியே உட்கார வைத்த ஒருவன் இன்று சென்னையில் பெயரெடுத்து ஆடுகிறான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது வேறொன்று. அந்த இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் நடந்தது.

திங்கட்கிழமை காலை நாகப்பன் கடையைத் திறக்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு படவேட்டுக்குப் பஸ் ஏறினார். ஏழுமலைக்கு ஆலையில் வேலை. அவனுக்கு நாங்கள் போவது தெரியாது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவன் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எம் புள்ளைக்கு இன்னா ஆச்சிங்க?"

"ஒண்ணும் ஆவலம்மா. நேத்து ஆரணியில ஊரே அவன் பேரச் சொல்லிக் கத்திச்சி. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

"கத்துனாங்களா? திட்டுனாங்களா?"

"மொதல்ல திட்டினாங்க," என்றார் நாகப்பன், உண்மையை மறைக்காமல். "அப்புறம் தோள்ல தூக்கிகினு போனாங்க."

மகன் பந்து விளையாடுகிறான் என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் ஆலைக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "பந்து புடிக்கறதுக்கா தூக்குனாங்க?" என்றார், நம்பாமல். நாகப்பனுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வாசலில் இரண்டு செங்கல்லைக் கம்பமாக வைத்தார். கொடியில் கிடந்த துணியைச் சுருட்டிப் பந்தாக்கி என்னிடம் கொடுத்தார். "மூலைக்குப் போடு பாஸ்கரு," என்றார். போட்டேன். நாற்பதைத் தாண்டிய பத்திர எழுத்தர், பையில் இரண்டு பேனாவோடு, சாணம் தெளித்த வாசலில் குறுக்கே பாய்ந்து விழுந்தார். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள்.

"இவங்க பாக்கலீங்க," என்றார் அந்த அம்மா. "இன்னொரு தபா காட்டுங்க."

நாகப்பன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை விழுந்தார்.

எங்கள் அணியில் யார் முதல் மேட்ச் ஆடினாலும் மறுநாள் நான் அவன் வீட்டுக்குப் போகிறேன். ஜெயித்தாலும் போகிறேன், தோற்றாலும் போகிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பழக்கம் ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒரு புது கோல்கீப்பர் ஆடுகிறார், முள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர். திங்கட்கிழமை காலை நான் அவர் வீட்டு வாசலில் நிற்பேன். எனக்கும் வயதாகிவிட்டது, முழங்கால் மடங்குவதில்லை. இருந்தாலும் விழுவேன்.